வாரிய வீடு கட்டும் இடத்திலேயே எங்கள் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுங்கள்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும், அங்கே டெண்டர் ஆவணம் தயாரிக்கும் பொறியாளர்களுக்கும், தொழிலாளர் நலத்துறைக்கும், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்துக்கும் வணக்கம்.

நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு சைட் சூப்பர்வைசராக வேலை பார்ப்பவன். வடசென்னையில் வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவன். அம்மா சித்தாள் வேலைக்குப் போய்த்தான் எங்களைப் படிக்க வைத்தார். இன்றைக்கும் என் சொந்தபந்தம் பாதிப் பேர் வாரிய வீடுகளில்தான் இருக்கிறார்கள், சிலர் வடசென்னையில், சிலர் பெரும்பாக்கத்தில், சிலர் கண்ணகி நகரில்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய அடுக்குமாடிகளை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டட வேலையிலேயே, அந்த இடத்தைக் காலி செய்துகொடுத்த குடும்பங்களின் 18 வயது தாண்டிய பிள்ளைகளைச் சம்பளத்தோடு தொழில் பழகுநர்களாக (அப்ரண்டிஸ்) எடுக்க வேண்டும் என்று டெண்டரில் எழுதுங்கள். முன்னுரிமை தரலாம், பரிசீலிக்கலாம் என்கிற மாதிரி எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள். இத்தனை பேர், இத்தனை மாதம், இன்ன வேலை என்று எண்ணிக்கையோடு எழுதி, அதைக் காட்டினால்தான் பில் பாஸ் ஆகும் என்று வையுங்கள்.

இடித்துக் கட்டுவது தேவையா என்று நான் கேட்கவில்லை, கண்டிப்பாகத் தேவை. 2021 டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த ஒரு பிளாக் அப்படியே சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து சனங்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. அது ஒன்றும் 1970களில் கட்டியதில்லை, 1990களில் கட்டியதுதான். அதைவிடப் பழைய பிளாக்குகளில், கம்பி துருப்பிடித்து சன்ஷேடு காரை பெயர்ந்து தலையில் விழும் வீடுகளில், குழந்தைகளை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்களுக்கு இந்த மறுகட்டுமானத் திட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். வெளியே வாடகைக்குப் போகும் குடும்பத்துக்குக் கொடுக்கும் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக ஏற்றியதும் நல்ல காரியம். அந்தப் பணம் சென்னை வாடகைக்கு எத்தனை மாதம் தாங்கும் என்பது தனிக் கதை, அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

இடிக்கிற நாளில் எங்கள் பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கதவு, ஜன்னல், ஃபேன் எல்லாவற்றையும் கழற்றிக் கீழே இறக்குகிறார்கள். சித்தப்பா வீட்டுச் சாமானையும் சேர்த்து டாட்டா ஏஸில் ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம் ஜேசிபி இடிப்பதைப் பார்த்துக்கொண்டு தெருமுனையில் நிற்கிறார்கள். ரெண்டு நாளில் சுற்றிலும் தகரம் அடித்துவிடுவார்கள். அதன் பிறகு ஒன்றரை வருடமோ ரெண்டு வருடமோ, வேலை முடிந்து குலுக்கலில் வீடு ஒதுக்கும் வரைக்கும் அந்தத் தகரத்துக்கு உள்ளே அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. தங்கள் வீட்டுக்கு அஸ்திவாரத்துக்கு எத்தனை பைல் தூண் இறங்கியது, எந்தக் கம்பி கட்டினார்கள், கான்கிரீட் போட்ட நாளில் மழை பெய்ததா, எதுவும் அவர்களுக்குத் தெரியாது. கோடிக்கணக்கில் பணம் அந்த இடத்துக்குள் வந்து போகிறது, அதில் ஒரு நாள் கூலிகூட அந்தத் தெருவுக்குள் நுழைவதில்லை.

அந்த ரெண்டு வருடம்தான் ஒரு பையனுக்கு 18லிருந்து 20 ஆகிற வயது. ஒன்பதாவதிலோ பதினொன்றாவதிலோ படிப்பை விட்டவன், கேட்டரிங்குக்கு ஒரு நாள், பந்தல் போட ஒரு நாள், மீன் லோடு இறக்க ஒரு நாள் என்று திரிகிறவன், ஒரு தொழிலில் கால் ஊன்ற வேண்டிய சமயம். அதை விட்டுவிட்டால் 25 வயதிலும் அவன் ஹெல்பர்தான், 35 வயதிலும் ஹெல்பர்தான். என் கூடப் படித்தவர்களில் அப்படி ஆனவர்களை எனக்குப் பேர் பேராகத் தெரியும்.

பயிற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டம் 2022இல் வந்தது. தையூரில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று பயிற்சி நிலையம் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நிறுவனம் நடத்தும் பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு வந்த கம்பி ஃபிட்டர்களோடு வேலை பார்த்திருக்கிறேன், வேலை சுத்தமாக இருக்கும். கொத்தனார், தச்சர், வயர்மேன் என்று ஐடிஐயில் எட்டாவது படித்திருந்தாலே சேரக்கூடிய பிரிவுகளும் உண்டு. ஆனால் எங்கள் தெருவுப் பையன் அங்கெல்லாம் போய்ச் சேருவதில்லை, சேர்ந்தாலும் முடிப்பதில்லை. ஏன் என்றால் அவன் வீட்டில் அவன் கொண்டுவரும் பணத்தை எதிர்பார்த்து ஒரு அடுப்பு இருக்கிறது. மூணு மாதம் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு வா, சான்றிதழ் கிடைக்கும், அப்புறம் வேலை கிடைக்கும் என்றால், அந்த மூணு மாதம் அம்மா யாரிடம் கடன் வாங்குவாள்? அதுவுமில்லாமல், குறுகிய காலப் பயிற்சியில் கட்டிப் பார்க்கும் சுவரை சாயங்காலம் இடித்துவிட்டு மறுநாள் அதே செங்கல்லை வைத்து மறுபடி கட்டச் சொல்வார்கள். கை பழக அது சரி. தொழில் படிய அது போதாது. மூணாவது மாடியில் சாரத்தின் மேல் நின்றுகொண்டு, கீழே மேஸ்திரி கத்திக்கொண்டிருக்கும்போது, மேலே பிளம்பர் வந்து "இந்த இடத்தை உடைக்கணும்" என்று சொல்லும்போது, கலவை இறுகுவதற்குள் வேலையை முடிக்கக் கற்றுக்கொள்வதற்கு சைட்டைத் தவிர வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

சைட்டில் ஏன் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும், டெண்டர் எழுதுகிறவர்களுக்கு இது முக்கியம். பூச்சு வேலை இப்போது சதுர அடிக் கணக்கில்தான் போகிறது. ஒரு கொத்தனார் ஒரு நாளைக்கு எத்தனை சதுர அடி முடிக்கிறாரோ அதற்குத்தான் பணம். அவர் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தி இவனுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றால், அவருக்கு அன்றைக்கு அளவு குறையும், கூலி குறையும். யார் ஒத்துக்கொள்வார்கள்? கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை, கணக்கு அப்படி. ஒரு தனியார் அடுக்குமாடி வேலையில் வயதான ஒரு கொத்தனாரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பையனை ஒப்படைத்தேன். அவருக்கு குறைகிற அளவுக்கு நாள் கூலி போட்டுக்கொடுக்க அந்த எஞ்சினியர் சம்மதித்ததால்தான் அது நடந்தது.

அவர் சொல்லிக்கொடுத்த விதத்தைச் சொல்கிறேன். முதல் வாரம் பையன் கையில் கரண்டியே கொடுக்கவில்லை. மணல் சலிக்கச் சொன்னார். கட்டு வேலைக்கு வரும் எம் சாண்டையும் பூச்சுக்கு வரும் பி சாண்டையும் ரெண்டு கையிலும் அள்ளிக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லச் சொன்னார். அப்புறம் சுவரில் தண்ணீர் அடிப்பது, எவ்வளவு குடிக்கிறது என்று பார்ப்பது. அப்புறம் தூக்குக்குண்டு விட்டு, மேலே ஒன்று கீழே ஒன்று என்று புள்ளி வைப்பது, அந்தப் புள்ளிக்கு மேலே கலவை ஏறவும் கூடாது, குறையவும் கூடாது. பையன் கரண்டியால் கலவையை வீசினால் பாதி தரையில் விழுந்தது. "தோளால வீசாத, மணிக்கட்டால வீசு" என்று ஒரு நாள் முழுக்க ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் பையன் கை பதத்துக்கு வந்தது. அதன் பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து பார்த்தால் தட்டில் கலவை இறுகியிருந்தது, பையன் அதில் தண்ணீர் ஊற்றிக் குழைக்கப் போனான். கொத்தனார் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, மொத்தத்தையும் கீழே கொட்டச் சொன்னார். "இதை அடிச்சா இன்னிக்கு நிக்கும், ரெண்டு வருசத்துல கையால தட்டினா கொட்டும், அப்ப நீ இருக்க மாட்டே, அந்த வீட்டுக்காரன் இருப்பான்" என்றார். அந்தப் பையன் இப்போது நல்ல கொத்தனார். அவனுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றால், சொல்லிக்கொடுக்கும் கொத்தனாருக்குத் தனியாகப் படி கொடுக்க வேண்டும், அதை டெண்டரில் ஒரு ஐட்டமாகவே போட வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல் நீங்கள் எவ்வளவு நல்ல திட்டம் போட்டாலும் பையன்கள் டீ வாங்கிவரவும் தண்ணீர் டிரம் நிரப்பவும்தான் போவார்கள்.

கையால் தட்டினால் கொட்டும் என்றதும் உங்களுக்கும் 2021 ஆகஸ்ட் ஞாபகம் வந்திருக்கும். புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் புதிதாகக் கட்டிய வீடுகளின் பூச்சு விரலால் சுரண்டினாலே உதிர்வதைச் சனங்கள் படம் பிடித்துக் காட்டினார்கள், சட்டமன்றம் வரைக்கும் போனது, ஐஐடி நிபுணர்கள் வந்து ஆய்வு செய்தார்கள், பொறியாளர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். நாலு அப்ரண்டிஸ் பையன்கள் அங்கே இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்லும் அளவுக்கு நான் விவரம் தெரியாதவன் இல்லை. சிமென்ட் குறைவது மேலே முடிவாகிற விஷயம், அதைத் தடுப்பது உங்கள் தரக்கட்டுப்பாட்டின் வேலை. ஆனாலும் அந்த வீட்டில் குடியேறப் போகிற குடும்பத்துப் பிள்ளைகள் இருபது முப்பது பேர் தினமும் சைட்டுக்குள் நின்று, மூட்டை எத்தனை உடைந்தது என்று பார்த்துக்கொண்டு, இரவு அந்தக் கதையை வீட்டில் போய்ச் சொன்னால், காண்ட்ராக்டருக்கும் ஒரு பயம் இருக்கும், உங்கள் உதவிப் பொறியாளருக்கும் ஒரு பலம் இருக்கும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். தொழில் பழகுநர் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. 2019இல் மாற்றிய விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்களில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை வைத்தே ஆக வேண்டும், அந்தக் கணக்கில் ஒப்பந்த ஆட்களும் சேர்த்தி. வாரிய வேலை எடுக்கும் எந்தப் பெரிய காண்ட்ராக்டரின் சைட்டிலும் 30 பேருக்குக் குறைவாக ஆள் இருக்க மாட்டார்கள், தளம் போடும் நாளில் நூறு பேர் நிற்பார்கள். ஆனால் கம்பி ஒரு லேபர் காண்ட்ராக்டர், சென்ட்ரிங் இன்னொருவர், பூச்சு வேறொருவர் என்று பிரித்துக்கொடுத்துவிட்டு, எங்கள் சம்பளப் பட்டியலில் இருப்பது பன்னிரண்டு பேர்தான் என்று பேப்பரில் காட்டிவிடுகிறார்கள். நீங்கள் வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், இருக்கிற சட்டத்தின்படி பழகுநர்களை எடுத்திருக்கிறாயா, காட்டு என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி பணம். அதே 2019 விதிகளில் பழகுநருக்கான குறைந்தபட்ச உதவித்தொகை, பத்தாவது முடிக்காதவருக்கு மாதம் 5,000 ரூபாய் என்றுதான் தொடங்கியது. 5,000 ரூபாய்க்கு சென்னையில் யார் வருவார்கள்? தகரத்துக்கு வெளியே டூவீலரில் சாப்பாடு டெலிவரி செய்தால் ஒரு வாரம் பத்து நாளில் அதைச் சம்பாதித்துவிடுவான். இது பேராசை இல்லை, வீட்டு வாடகை. அதனால் குறைந்தது மாதம் 15,000 ரூபாயாவது கையில் கிடைத்தால்தான் ஒரு பையனோ பெண்ணோ ஒரு வருடம் பொறுமையாக நின்று கற்றுக்கொள்ள முடியும்.

அதற்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தொழிலாளர் நல நிதிக்குப் பிடித்தம் செய்யும் முறை 1996இல் வந்த மேல்வரி (செஸ்) சட்டத்திலிருந்தே இருக்கிறது. அரசு வேலைகளிலும் காண்ட்ராக்டர் பில்லில் அதைப் பிடிக்கிறீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கோடி ரூபாய் வேலையில் 1 விழுக்காடு என்பது 50 லட்சம். மாதம் 15,000 வீதம் 28 பேருக்கு ஒரு வருடம் கொடுத்தால் 50 லட்சத்து 40 ஆயிரம். ஏறக்குறைய அதே தொகை. இதில் சட்டப்படி காண்ட்ராக்டர் தர வேண்டிய பங்கு தனியாக இருக்கிறது, 2016இல் வந்த மத்திய அரசின் ஊக்குவிப்புத் திட்டத்தில் ஒரு பழகுநருக்கு மாதம் 1,500 ரூபாய் வரைக்கும் வாங்கிக்கொள்ள வழியும் இருக்கிறது. ரெண்டையும் கழித்தால் நல நிதியிலிருந்து போட வேண்டியது இன்னும் குறையும். கட்டுமானத் தொழிலாளர்களின் பேரில் வசூலித்த பணம் மாநிலங்களில் செலவழியாமல் கிடப்பதை உச்ச நீதிமன்றமே 2018இல் கண்டித்திருக்கிறது. நாளைய கட்டுமானத் தொழிலாளியை உருவாக்குவதற்கு அதிலிருந்து எடுப்பதில் என்ன தப்பு இருக்க முடியும்? நம் மாநிலத்தில் பதிவு பெற்ற தொழிலாளர்களின் திறன் பயிற்சிக்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் ஏற்கெனவே உதவுகிறது, புதிதாக வருகிறவர்களுக்கும் அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பணம் கொடுக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரக் கூலியாகக் கொடுங்கள். சைட்டில் சனிக்கிழமைதான் சம்பள நாள், அந்தப் பணத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைக் கறியும் அடுத்த வார அரிசியும். மூணு மாதம் கழித்து மொத்தமாக வங்கிக் கணக்கில் வரும், போர்ட்டலில் ஏற்றியிருக்கிறோம், அப்ரூவல் ஆகவில்லை என்று சொன்னால் ரெண்டாவது வாரமே பையன் வர மாட்டான், அப்புறம் "இவங்களுக்கு எதைக் கொடுத்தாலும் நிக்க மாட்டாங்க" என்று நீங்களே ஃபைலில் எழுதிவிடுவீர்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் அம்மா வாழ்நாள் முழுக்கச் சித்தாளாகவே இருந்தார். அவர் கலவை போட்டால் கொத்தனார் தொட்டுப் பார்க்க மாட்டார், அவ்வளவு சரியாக இருக்கும். செங்கல் வரிசை ஓடுவதைப் பார்த்தே ரசமட்டம் வைக்காமல் எங்கே தூக்கியிருக்கிறது என்று சொல்வார். ஆனால் ஒரு நாளும் அவர் கையில் யாரும் கரண்டி கொடுக்கவில்லை, அவருக்குக் கிடைத்த கூலி கொத்தனார் வாங்குவதில் பாதியை ஒட்டித்தான் கடைசி வரைக்கும் இருந்தது. சைட்டில் சித்தாளாகச் சேர்ந்த ஆம்பளைப் பையன் நாலு வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுவான், அவன் கூடச் சேர்ந்த பெண் இருபது வருடம் கழித்தும் தலையில் சட்டி சுமந்துகொண்டிருப்பாள். இதை மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் கேரளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த மாநில அரசின் குடும்பஸ்ரீ திட்டத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கட்டட வேலை கற்றுக்கொண்டு அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை வீடு கட்டியிருக்கிறார்கள். எங்கள் பகுதியில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்கள் எத்தனையோ பேர். டைல்ஸ், வயரிங், பெயின்டிங், பிளம்பிங், சர்வே, இதில் எதற்கும் அவர்கள் லாயக்கில்லாதவர்கள் கிடையாது. பழகுநர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். எழுதுகிற அன்றே, சைட்டில் பூட்டுப் போட்ட கழிப்பறையும் உடை மாற்ற ஒரு அறையும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அது இல்லாத இடத்துக்கு எந்த அம்மாவும் மகளை அனுப்ப மாட்டாள்.

அப்புறம் முகவரி. கண்ணகி நகர், பெரும்பாக்கம், வியாசர்பாடி என்று ஆதாரில் இருந்தாலே வேலை கொடுக்க யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெரிய தனியார் சைட்டில், நான் அழைத்துப்போன ரெண்டு பையன்களை செக்யூரிட்டி அறையிலேயே உட்காரவைத்து, போலீஸ் சான்றிதழ் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார்கள். அதே வாரத்தில் வேறு ஊர்களிலிருந்து வந்த முப்பது பேர் அப்படி எதுவும் கேட்காமல் உள்ளே போனார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா இருந்தபோது, கண்ணகி நகர் என்ற பேரைத் தமிழ்நாடே சந்தோஷமாகச் சொன்னது. எல்லாப் பிள்ளையும் தங்கம் வாங்கி வந்துதான் ஊர்ப் பேரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அது நியாயமா? ஆள் எடுக்கும்போது, சின்ன வழக்கு இருக்கிறது, தெருச் சண்டையில் பேர் சேர்த்தார்கள் என்பதை எல்லாம் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்பதையும் எழுத்தில் வையுங்கள். அதே நேரத்தில் இதைக் குற்றம் செய்தவர்களைத் திருத்தும் திட்டம் என்று பேர் வைத்து விளம்பரம் செய்துவிடாதீர்கள், தொழில் கற்றுக்கொள்ள வருகிறார்கள், அவ்வளவுதான்.

வெளிமாநிலத் தொழிலாளர்களை நிறுத்திவிட்டு எங்களை எடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிடக் கூடாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் படுத்து இந்த நகரத்தைக் கட்டுகிறவர்கள் அவர்கள். 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் செத்தபோது, அதில் ஆந்திராவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் எத்தனை. சைட்டில் 18 வயதான வெளிமாநிலப் பையன் இருந்தால் அவனையும் பழகுநராகச் சேருங்கள். ஹெல்மெட், பெல்ட், காப்பீடு, நல வாரியப் பதிவு எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே. நான் கேட்பது புதிதாக உருவாகும் பழகுநர் இடங்களை.

இது எங்கேயும் நடக்காத விஷயமும் இல்லை. 1978இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் டோரதி ஸ்டோன்மன் என்ற அம்மையார் அந்தப் பகுதி இளைஞர்களைக் கூட்டி, பாழடைந்து கிடந்த ஒரு கட்டடத்தைப் புதுப்பிக்க ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் யூத்பில்ட் திட்டம், 1992இல் அமெரிக்க மத்திய அரசே சட்டம் போட்டு நிதி ஒதுக்கியது. 16 முதல் 24 வயது வரை, பள்ளியை விட்டவர்கள், பாதி நேரம் விட்ட படிப்பை முடிக்கிறார்கள், பாதி நேரம் தங்கள் பகுதி ஏழைகளுக்கான வீடுகளைக் கட்டுகிறார்கள். நம் ஊரிலும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பத்தாவது தனித்தேர்வுக்கு வகுப்பு எடுக்கலாம், வாரியக் குடியிருப்புகளைச் சுற்றி டியூஷன் எடுக்கிற படித்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அளவு எடுக்க, கம்பி எடை பார்க்க, கலவை விகிதம் போடக் கணக்கு தேவைப்படும்போது, பள்ளியில் கணக்கைக் கண்டு ஓடியவனும் உட்கார்ந்து போடுவான், நான் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாக்கத்திலேயே உங்களுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 2022 மேயில் திறந்த, மத்திய அரசின் லைட் ஹவுஸ் வீட்டுத் திட்டம், 1,152 வீடுகள், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டுவந்து கோத்துக் கட்டியது. கட்டும்போது அதை நேரடி ஆய்வுக்கூடம் என்று அறிவித்து, மாணவர்களும் பொறியாளர்களும் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். ரொம்ப நல்ல யோசனை. படித்தவர்களுக்குத் திறந்த அந்தக் கதவை, கூப்பிடு தூரத்தில் இருபதாயிரம் வீடுகளுக்கு மேல் இருக்கும் மறுகுடியமர்வுக் குடியிருப்பின் பிள்ளைகளுக்கும் சம்பளத்தோடு திறக்க முடியும். கிரேன் சிக்னல், பாகங்களைக் கோக்கும் வேலை, இடைவெளியில் கலவை செலுத்தும் கிரவுட்டிங், கான்கிரீட் வார்க்க அலுமினியப் பலகை அடிக்கும் ஷட்டரிங் என்று நாளைக்கு வரப்போகிற வேலைகள் இவைதான், இதில் பழகிய ஆள் கிடைப்பது கஷ்டம்.

வேலை முடிந்து சாவி கொடுத்த பிறகு என்ன என்பதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால், மோட்டார் எரிந்தால், கழிவுநீர்க் குழாய் அடைத்தால் சனங்கள் படும் பாடு உங்கள் அலுவலகத்துக்கு வரும் மனுக்களிலேயே இருக்கும். எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது என்று கட்டும்போதே பார்த்த பையன்களும் பெண்களும் அதே பிளாக்கில் குடியிருக்கப் போகிறார்கள். அவர்களை ஒரு குழுவாகப் பதிவு செய்து, அந்தக் குடியிருப்பின் பராமரிப்பு வேலையை முதல் ஐந்து வருடத்துக்கு அவர்களிடம் கொடுங்கள். லிஃப்டுக்கு நிறுவன ஆள் வரட்டும், பிளம்பிங், மின்சாரம், பூச்சு, பெயின்டிங் எல்லாம் இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு வருடப் பயிற்சிக்கு அடுத்து என்ன வேலை என்ற கேள்விக்கு இதைவிடப் பக்கத்தில் பதில் கிடையாது.

எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று கேட்கவில்லை. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023இல் 1,000 கோடி என்று அறிவித்து, பிறகு பல மடங்கு பெரிதாகியிருக்கிறது. அந்தப் பகுதியில் அடுத்து இடிக்கப் போகிற ஒரே ஒரு குடியிருப்பை எடுங்கள். கணக்கெடுப்புக்கு வீடு வீடாக வரும் உங்கள் ஊழியர்கள், ரேஷன் கார்டு, ஆதார் கேட்கும்போதே, வேலை கற்க விருப்பம் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கட்டும். அஸ்திவாரம், கம்பி, சென்ட்ரிங்கில் விருப்பம் உள்ளவர்கள் முதல் தொகுதி, பூச்சு, டைல்ஸ், வயரிங், பிளம்பிங் கற்பவர்கள் ஆறேழு மாதம் கழித்து ரெண்டாவது தொகுதி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு, இன்றைக்கு எந்த மாடியில் எந்தச் சுவர், எந்த வேலை, யார் சொல்லிக்கொடுத்தது என்று எழுதி, கொத்தனாரும் உங்கள் உதவிப் பொறியாளரும் கையெழுத்துப் போட வேண்டும். பையன் டீ வாங்கத்தான் போனானா, வேலை கற்றானா என்று அந்த நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதை வைத்து பில் பாஸ் செய்யுங்கள்.

சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்க மாட்டார்கள் என்று யோசிக்க வேண்டாம். முட்டி வலி வந்து சாரம் ஏற முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நல்ல நல்ல கொத்தனார்கள், கம்பி மேஸ்திரிகள், தச்சர்கள் எங்கள் குடியிருப்புகளிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பேரையும் செய்யும் வேலையையும் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதி வைத்துக்கொண்டிருக்கிறோம். நிபந்தனையின் வாசகத்தை எழுதும்போது சைட்டில் நிற்பவர்களின் பார்வை வேண்டும் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், பட்டியலோடு வருகிறோம். உங்கள் அலுவலகத்துக்கு என்றாலும் சரி, இல்லை நீங்களே எங்கள் தெருவுக்கு வந்தாலும் சரி.

இப்படிக்கு,
வாரியக் குடியிருப்பில் வளர்ந்த ஒரு சைட் சூப்பர்வைசர்,
வடசென்னை.